பெரம்பலூர் மக்காச்சோளம், அரியலூர் சுண்ணாம்பு

என் தொழிலே குறை சொல்வதுதான். நான் மக்காச்சோளத் தரகன். பெரம்பலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் விளைவதை வாங்கி, நாமக்கல் பக்கம் கோழித் தீவன ஆலைகளுக்கு லாரி ஏற்றிவிடுகிறேன். வீடு அரியலூரில். பெரம்பலூருக்கு மேற்கே சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை, மூட்டை எடை போட ஒரு தராசு, நான் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இவ்வளவுதான் என் ஆபீஸ். விவசாயி மூட்டையை இறக்கியதும் குத்தூசியால் குத்தி நாலு மணியை எடுப்பேன். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பேன். டக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு. நசுங்கினால் ஈரம். ஈரம் என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன், கொண்டுவந்தவர் சொந்த மச்சானாக இருந்தாலும் சரி. இதற்காக நான் வாங்காத வசவு கிடையாது. ஆனால் அந்த ஆள் பொய் சொல்லிவிட்டான் என்று மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த நல்ல பேர்தான் கடைசியில் ஒரு மனுஷனின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

மாசி மாதம், புதுச் சோளம் வந்து குவிகிற நேரம். கொட்டகையில் ஒருவரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். அவர் சரக்கு ஈரம் என்கிறேன், அவர் இல்லை என்கிறார். கோபித்துக்கொண்டு மூட்டைகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் இளைஞர் பக்கத்தில் வந்தார்.

"ரெண்டு மூட்டை மக்காச்சோளம் வேணுங்கண்ணே. பூஞ்சை இல்லாம, வண்டுக்கு மருந்து வைக்காததா."

"எத்தனை கோழி வச்சிருக்கீங்க பாய்?"

"கோழிக்கு இல்லைங்கண்ணே. மனுஷங்களுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. லெப்பைக்குடிக்காட்டுக்காரர். பல வருஷம் துபாயில், ஒரு மாலில், மெக்சிகோ நாட்டுச் சாப்பாடு போடும் கடையில் சமையல்காரராக இருந்தவர். அதே மாதிரி ஒரு கடையைப் பெரம்பலூர் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் திறக்கப்போகிறாராம். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி அரைத்து, அந்த மாவில்தான் ரொட்டி தட்டுவார்களாம். சுண்ணாம்பு நல்லதாக எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அரியலூர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்தான். ஆலத்தியூரில் அதை சிமெண்டாக்கி ஊர் ஊராக அனுப்புகிறார்கள். வெற்றிலைக்குப் போடுகிற சுத்தமான சுண்ணாம்பை எங்கள் கடைத்தெருவிலிருந்து நானே வாங்கி வந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

"மக்காச்சோளம் பெரம்பலூரு, சுண்ணாம்பு அரியலூரு. மெக்சிகோக்காரன் பாத்தா வயிறெரிவான்ணே" என்று சிரித்தார். பிறகு, மூட்டையோடு போன ஆளின் திசையைக் காட்டி, "நீங்க மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு. கடை தொறந்ததும் நீங்கதான் சாப்பிட்டுட்டுச் சொல்லணும்" என்றார்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மாசிக் கடைசியில் கடை திறந்த வாரமே மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். சின்னக் கடை, பளிச்சென்று இருந்தது. சுவரில் அகலத் தொப்பி போட்ட மீசைக்காரர் ஒருவர், பக்கத்தில் பச்சையாக ஒரு கள்ளிச்செடி. "நம்ம காட்டுல வெட்டி எறியறதை இங்க காசு குடுத்து வரைஞ்சு வச்சிருக்காங்க" என்றாள் என் மனைவி. பில் போடும் மேஜையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை.

முதலில் டாக்கோ வந்தது. உள்ளங்கை அகல மக்காச்சோள ரொட்டி. நடுவில் கோழிக்கறி, வெங்காயம், கொத்தமல்லி. மடித்துப் பிடித்துக் கடிக்க வேண்டும். நான் கடித்த கடியில் ரொட்டி பின்பக்கம் பிளந்து, கறி பாதி என் சட்டைப் பைக்குள் போய்விட்டது. அடுத்து பரிட்டோ. சோறு, பயறு, கறி எல்லாவற்றையும் ஒரு ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டியது. என் மனைவி அதைப் பொட்டலம் பிரிப்பதுபோலப் பிரித்து, சோற்றைத் தனியாகத் தள்ளி, பிசைந்து, கொஞ்சம் ரசம் கிடைக்குமா என்று கேட்டாள். இல்லையென்று தெரிந்ததும் சல்சா என்று வைத்திருந்த பச்சைத் தக்காளிச் சட்னியை ஊற்றிக்கொண்டாள். "தாளிக்க மறந்துட்டாங்க போல" என்று என் காதில் சொன்னாள்.

இதெல்லாம் புதுச் சாப்பாட்டில் நடக்கிற கூத்து. பழகிவிடும். பழக முடியாத ஒன்று அந்த ரொட்டியில் இருந்தது. சுண்ணாம்பு வாடை. வெற்றிலை மென்று துப்பிய வாயோடு சாப்பிடுவதுபோல ஒரு காரல் நாக்கின் ஓரத்தில் ஏறி நின்றது. கறியும் வெங்காயமும் எவ்வளவோ முட்டி மோதியும் அது இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் எங்கள் மேஜைக்கு வந்தார். இரண்டு வாய் சாப்பிட்டதும் வந்து கேட்க வேண்டும் என்பது துபாயில் அவருக்குப் பழக்கிவிட்டிருந்த முறை. "எப்படிங்கண்ணே இருக்கு?" என்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, மனைவியின் மடியில் குழந்தை, இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"பிரமாதம் பாய்! இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்லை."

இரண்டாவதாகச் சொன்னது மட்டும் உண்மை. மேஜைக்கடியில் மனைவி என் காலை மிதித்தாள்.

எங்கள் பக்கத்தில் இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. ஒருத்தர் கையால் சாப்பாடு வைத்து, நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்டால், நல்லா இருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணப் பந்தியில் சாம்பார் தீய்ந்துபோயிருந்தாலும் மாப்பிள்ளை வீட்டாரிடம் நல்லா இருக்கு என்போம். தீய்ந்த கதையைப் பஸ் ஏறிய பிறகுதான் பேசுவோம். போட்ட சோற்றில் குறை கண்டால் பாவம் என்று வளர்ந்தவர்கள். குறை சொல்ல உரிமை வேண்டும். அந்த உரிமை சொந்த வீட்டில் மட்டும் தாராளமாக இருக்கிறது. ரசத்தில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நான் வீட்டில் ஆடுகிற ஆட்டம் தனி. திரும்பி வரும் வழியில் மனைவி அதைத்தான் கேட்டாள்.

"வூட்ல அந்த நாக்கு எங்கேருந்துங்க வருது? அங்க ஏன் அது வரலை?"

"புதுசா கடை வச்சிருக்காரு. மொத நாளே மூஞ்சில அடிக்கச் சொல்றியா?"

"அடிக்க வேணாம். சுண்ணாம்பு தூக்கலா இருக்குன்னு சொல்லலாம்ல."

சொல்லலாம்தான். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் முதல் தடவை பிரமாதம் என்றவன் இரண்டாம் தடவை எப்படிக் காரல் என்பான்? இரண்டாம் தடவையும் நல்லா இருக்கு என்றேன். மூன்றாம் தடவை அது வாயில் தானாகவே வந்தது. நான் வீட்டுக்குப் போகிற வழியே நாலு ரோடுதான். அவர் கண்ணில் பட்டால் விடமாட்டார். இழுத்து உட்காரவைத்து, இன்றைக்கு மாவைக் கொஞ்சம் மெல்லிசாகத் தட்டியிருக்கிறேன், பயறுக்குப் பதில் நம்ம காராமணி போட்டிருக்கிறேன், சாப்பிட்டுச் சொல்லுங்கள் என்பார். நான் முக்கி முக்கித் தின்றுவிட்டு நல்லா இருக்கு என்பேன். அவர் செய்கிற எல்லா மாற்றமும் நல்லா இருந்தது. மாற்றாத அந்த ஒன்றும் நல்லா இருந்தது.

மற்றவர்களும் என்னைவிட யோக்கியமில்லை. கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். மீசைக்காரர் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். சூப்பர் அண்ணா என்றார்கள். போனில் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். மறுபடி அவர்களைக் காணோம். குடும்பத்தோடு வந்தவர்கள் பாதி சாப்பிட்டு, நல்லா இருக்குங்க, வயிறு நெறஞ்சிருச்சு என்று மீதியைப் பார்சல் கட்டி வாங்கிப் போனார்கள். அந்தப் பார்சல்கள் எந்தெந்த ஊர் நாய்க்குப் போயினவோ. என்னுடையவை எங்கே போயின என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அவர் ரொம்பச் சந்தோஷமாகச் சொன்னார். "துபாய்ல தட்டு திரும்பி வரும்ணே. உப்பு பத்தலை, வேகலை, எதாச்சும் சொல்லித் திருப்பி அனுப்பிடுவாங்க. அப்படித்தான் தொழில் கத்துக்கிட்டேன். இங்க கடை தொறந்து இத்தனை நாளாச்சு, ஒரு தட்டு திரும்பி வரலை. மாஷா அல்லா." வாயில் வைத்திருந்த ரொட்டியைத் தண்ணீர் குடித்து இறக்கினேன். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். அவர் முகத்தில் இருந்த தெளிச்சியைப் பார்த்துவிட்டு எப்படித் திறப்பது?

ஆடி மாதம் அவருக்கு துபாயிலிருந்து அழைப்பு வந்தது. பழைய முதலாளி இன்னொரு கிளை திறக்கிறார், தலைமைச் சமையல்காரராக வா, விசா தயார் என்றிருக்கிறார். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அன்று என்னைத் தேடிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

"போக இஷ்டம் இல்லைண்ணே" என்றார். "மொத தடவை லீவுல வந்தப்ப எம் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? வாசல்ல என்னையப் பாத்துட்டு உள்ள ஓடுச்சு. அவங்கம்மாவோட போனை எடுத்துட்டு வந்து, 'எங்க அத்தா இதுக்குள்ள இருக்காங்க, நீங்க யாரு'ன்னு கேட்டுச்சு. அன்னிக்கே முடிவு பண்ணினேன், இனிமே போறதில்லைன்னு. ஆனா கடை நிக்கணும்ல. கூட்டம் குறையுது. ஆடி மாசங்கறதாலயா, இல்ல என் கைப்பக்குவமே சரியில்லையான்னு புரியலை. நீங்க சோளத்துக்குச் சொல்வீங்களே, அந்த மாதிரி சொல்லுங்க. சாப்பாடு நல்லா இருக்கா? கடை நிக்குமா?"

இப்படி ஒருவன் கேட்ட பிறகும் சொல்லாதவனை என்ன செய்வது? சுண்ணாம்பு வாடை அடிக்கிறது, இன்னும் நாலு தண்ணீர் ஊற்றிக் கழுவு என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் இதை மாசியிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆடியில் சொன்னால், இத்தனை நாள் என்னை ஏன் ஏமாற்றினாய் என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். அவருடைய கடையைவிட என் மானம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

"ருசிக்கு ஒரு கொறையும் இல்லை தம்பி. ஆடி போகட்டும், கூட்டம் வரும்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க சொன்னா சரிங்கண்ணே" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே துபாய்க்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆவணி வந்தது, கூட்டம் வரவில்லை. புரட்டாசியில் கறி சாப்பிடுகிறவர்களும் வராமல் நின்றுவிட்டார்கள். எனக்குத் தூக்கம் கெட்டது. வீட்டில் தட்டு முன்னால் உட்கார்ந்தால் அவர் முகம் வந்து நிற்கும். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஆள் பிடிக்கத் தொடங்கினேன். லாரி டிரைவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், செந்துறையில் இருக்கும் என் அக்கா குடும்பம், உடையார்பாளையத்திலிருந்து முந்திரி விற்க வந்த ஒரு சிநேகிதர், யார் கிடைத்தாலும் நாலு ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் செலவில் சாப்பிட வைத்தேன். அவர்கள் எல்லாரும் நல்ல பிள்ளைகளாக அவர் முகத்தைப் பார்த்து நல்லா இருக்குங்க என்றார்கள். வெளியே வந்ததும் என்னைப் பிடித்து உலுக்கினார்கள். ஒரு லாரி டிரைவர், "அண்ணே, நாமக்கல்லு கோழிங்க இதைத் திங்குதுங்கன்னா அதுங்களுக்குக் கோயில் கட்டணும்ணே" என்றார். நான் சிரித்தேன். இத்தனை பேர் நல்லா இருக்கு என்று சொன்னதைக் கேட்டு அவர் இன்னும் தெம்பாகிவிட்டார். ருசியில் குறையில்லை, ஊருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு செய்து ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி விளம்பரம் செய்தார். நான் நல்லது செய்யப் போய்ச் செய்த கெடுதலுக்கு அளவில்லை.

கடைசியில் உண்மையைச் சொன்னது என் மனைவி. ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் இரண்டு பேரும் கடையில் ஒதுங்கினோம். வேறு ஒரு ஆள் இல்லை. அவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். பில் மேஜையில் அவர் மனைவி மட்டும் இருந்தார். என் மனைவி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பா நெனைச்சுக்காதம்மா. அந்த ரொட்டில சுண்ணாம்பு வாடை வருது. அவிச்ச பொறவு இன்னும் நல்லாக் கழுவச் சொல்லு. அதான் யாரும் திரும்ப வர்றதில்லை."

அந்தப் பெண் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள்.

"கடை தொறந்ததுலேருந்து நானும் இதைத்தாங்கக்கா சொல்றேன். அவருக்குப் பழகின நாக்கு, தெரிய மாட்டேங்குது. நான் சொல்லும்போதெல்லாம், 'அண்ணனே நல்லா இருக்குங்கறாரு, ஒனக்கென்ன தெரியும்'னு என் வாயை அடைச்சிடறாரு. விசா வந்தப்பவும் சொன்னேன். 'கழுவுற தண்ணியைக் கூட்டுங்க, இல்லாட்டி கெளம்பிப் போங்க, ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க'ன்னேன். நேரா அண்ணன்கிட்ட ஓடினாரு."

நான் கதவோரம் நின்றிருந்தேன். என்னைப் பார்த்து அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் சொன்ன நல்ல வார்த்தை அந்த வீட்டில் தினமும் ஒரு பெண்ணின் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருத்தரும் சொல்லவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்கிறவள் ஒருத்தி இருந்திருக்கிறாள். அவளைப் பேசவிடாமல் செய்தவன் நான். மழை விடும் முன்னே நனைந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மனைவி குடையை நீட்டியபோது வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நான் நாலு ரோட்டுப் பக்கம் போகவில்லை. வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவரும் சோளம் வாங்க வரவில்லை. எங்கேயோ வேறு ஆளிடம் வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். அது என் முகத்தில் விழுந்த அறைதான், வாங்கிக்கொண்டேன்.

மார்கழி பிறந்ததும் அவரே போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"துபாய்க்காரர் மறுபடி கூப்பிட்டிருக்காருண்ணே. அன்னிக்கு வச்ச ஆளு சரிப்பட்டு வரலையாம். சாயந்தரத்துக்குள்ள பதில் சொல்லணும். மத்தியானம் ஒருவாட்டி வந்துட்டுப் போங்க."

போனேன். கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அவர் மனைவி என்னைப் பார்த்து வாங்கண்ணே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"தம்பி, நான் பண்ணினது தப்பு. மாசியிலேயே சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்க."

"விடுங்கண்ணே. யாருதான் சொன்னாங்க?" என்றார். "இப்ப அவ சொல்ற மாதிரிதான் கழுவறேன். தண்ணி தெளியற வரைக்கும் தேய்ச்சுத் தேய்ச்சு. சுண்ணாம்பையும் கொறைச்சுட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியலை. அவ நல்லா இருக்குங்கறா. ஆனா அவ என் பொஞ்சாதி, நான் போறது அவளுக்குப் புடிக்கலை. அவ சொல்றதை வச்சு எப்படி முடிவு பண்றது? ஒரு வாய் சாப்பிட்டு, உள்ளதைச் சொல்லுங்க. நல்லா இருந்தா இருக்கேன். இல்லாட்டி கெளம்பறேன். எதுன்னாலும் சரி."

ஒரு தட்டில் சூடாக வைத்தார். கறிகூட அதிகம் இல்லை. ரொட்டியும், மேலே கொஞ்சம் காராமணியும், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும். நான் பயந்துகொண்டே ஒரு வாய் வைத்தேன்.

நன்றாக இருந்தது. பொய்யில்லை. காரல் போய்விட்டிருந்தது. அது போன இடத்தில் சோளத்தின் வாசனை வந்து நின்றது, சுட்ட கதிரின் தோலை உரிக்கும்போது வருமே, அந்த வாசனை. ரொட்டி பிய்யாமல் கையில் நின்றது. காராமணியின் இனிப்பும் வெங்காயத்தின் காரமும் அதோடு சேர்ந்துகொண்டன. வாழ்நாளெல்லாம் லாரி லாரியாக இந்தத் தானியத்தை அனுப்பியிருக்கிறேன். அதன் ருசி இன்னதென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கியது. இந்த மனுஷன் பிழைத்துக்கொள்வான், இங்கேயே இருப்பான் என்று நினைத்தேன்.

"நல்லா இருக்கு தம்பி" என்றேன்.

சொன்னதும் எனக்கே திக்கென்றது. எத்தனையோ தடவை சொன்ன அதே வார்த்தை. அதே நாற்காலி. குரல்கூட அதேதான். வேறு எப்படிச் சொல்வது? "சத்தியமா நல்லா இருக்கு. காரலே இல்லை. எம் புள்ளைங்க மேல ஆணையா" என்றேன். சொல்லச் சொல்ல அது இன்னும் பொய்யாகக் கேட்டது.

அவர் தலையை ஆட்டினார். சிரித்தார். "சரிங்கண்ணே. ரொம்ப சந்தோஷம்" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பந்தியில் நாங்கள் சிரிக்கிற சிரிப்பு அது. இத்தனை நாள் நான் அவருக்குக் கொடுத்ததை அவர் எனக்கு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாயால் சொன்னால் நம்பாதவரைத் தின்று காட்டியாவது நம்பவைக்க வேண்டும். தட்டிலிருந்ததை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். வைத்தார். அதையும் முடித்துவிட்டு இன்னும் ஒன்று கேட்டேன். ஆசையாகத்தான் கேட்டேன், பசியும் இருந்தது. கண்ணில் வந்த தண்ணீரைத் துடைக்காமல் அவசர அவசரமாக மென்றேன். அவர் என் தோளில் கையை வைத்தார்.

"போதுங்கண்ணே. கஷ்டப்பட்டுச் சாப்பிடாதீங்க" என்றார்.

தை பிறப்பதற்குள் துபாய் போய்விட்டார்.